ஒன்பதாவது வரி

சட்டையின் இடது கை நுழையவில்லை. ரஞ்சிதா மணிக்கட்டுப் பக்கமிருந்து கத்தரிக்கோலை விட்டு, தையலோரமாகவே வெட்டிக்கொண்டு போனாள். முழங்கையைத் தாண்டியதும் துணி கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டது. குருமூர்த்தியின் இடது கை விரல் நுனியிலிருந்து தோள்வரை கட்டுக்குள் இருந்தது. நான்கு நாளில் இரண்டு முறை அதைத் திறந்து மூடியிருந்தார்கள். பஞ்சும் துணியும் வீக்கமுமாக, யாரோ அவன் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போன வேறொரு ஆள் மாதிரி அது கிடந்தது.

"தோளத் தூக்கிப் புடிக்கட்டுமாக்கா?" என்று அனிதா கேட்டாள்.

"ம். மெதுவா."

சொன்ன பிறகுதான் இனி மெதுவாகத் தூக்க வேண்டியதில்லை என்று நினைவு வந்தது. அனிதாவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் அவள் மெதுவாகத்தான் தூக்கினாள்.

வாசலில் நின்ற பெண்கள் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். "இதெல்லாம் ஆம்பளைங்க செய்யற வேலைம்மா. நீ இப்பிடி வந்து உக்காரு." ஆண்கள் எல்லோரும் தெருவில் இருந்தார்கள். குளிப்பாட்டி வேட்டி கட்டியதோடு சரி. கம்பெனி வண்டி வந்துவிட்டதென்று சத்தம் கேட்டதும் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். ரஞ்சிதா பீரோவிலிருந்து நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

குருமூர்த்தியின் தலைமாட்டில் அவன் அம்மா சாந்தம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெலவரப்பள்ளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் கழித்துப்போட்ட ரோஜாக்களைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இதழ்கள் அவன் நெற்றியிலும் கண்ணிமையிலும் விழுந்துகொண்டே இருந்தன. சாந்தம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை, வேலை தொடங்கி முக்கால் மணி நேரத்தில் நடந்தது. இடது ஆள்காட்டி விரலின் அடியில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் மருந்து தடவி, ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். வாட்டர்ஜெட் என்பது தண்ணீரை முடி கனத்துக்குப் பீய்ச்சி இரும்புத் தகட்டையே வெட்டுகிற இயந்திரம். அந்தத் தண்ணீர் தோலில் சின்னப் புள்ளி வைத்துவிட்டு உள்ளே சதையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது வெள்ளிக்கிழமை மதியம். அதற்குள் கை தோள்வரை வீங்கியிருந்தது. உடம்பில் சர்க்கரை வேறு. செவ்வாய்க்கிழமையான இன்று விடியற்காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இப்பக் கேக்கக் கூடாதுதான்."

"கேளு."

"நாளைக்கிக் காலைல ஆறு மணிக்கு என்னைய வரச் சொல்லியிருக்காங்க. மெஷின ஸ்டார்ட் பண்ணணுமாம்."

கத்தரிக்கோல் நின்றது. அனிதா பேக்கிங் பிரிவில் இருந்தவள். இரண்டு மாதமாகத்தான் மாலை ஷிஃப்டில் ரஞ்சிதாவோடு நின்று வாட்டர்ஜெட் பழகிக்கொண்டிருந்தாள்.

"எந்த மெஷின?"

"நம்ம மெஷினத்தான்க்கா. வேற யாருக்குத் தெரியும். நீங்க வரமாட்டீங்க. அண்ணனும்..." அவள் பாதியில் விழுங்கிக்கொண்டாள். "எனக்கு பயமா இருக்கு. முடியாதுன்னா வேலைக்கே வராதன்னுருவாங்க."

"குழாய் ஃபிட்டிங் மாத்தியாச்சா?"

"டைட் பண்ணிட்டாங்களாம். லூஸா இருந்துச்சாமே. அண்ணன் பிரஷர் இருக்கறப்பவே ஸ்பானரப் போட்டுத் திருகிட்டாராம். அதான் இப்பிடி ஆயிருச்சுன்னு எல்லாரும்..."

"எல்லாரும்னா?"

ரஞ்சிதா மிச்சத் துணியைக் கையாலேயே கிழித்தாள். கிழியும் சத்தத்துக்கு சாந்தம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இதழ்களிடம் திரும்பினாள்.

தெருவில் கோபியின் குரல் ஏறியது.

குருமூர்த்தியின் தம்பி கோபி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அந்த ஆட்டோவையே தெருவின் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். சொர்க்க ரத வண்டி அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் யாரிடமோ போனில் கன்னடத்தில், இன்னும் நேரமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாலையக் கீழ வைங்க சார். மொதல்ல பேசுவோம்."

"கோபி, நான் பேசத்தானே வந்திருக்கேன்." அது வெங்கட். கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி என்று பெயர். இருபத்தாறு வயது. கையில் மாலை ஒரு பக்கமும் ஃபைல் ஒரு பக்கமும் இருந்ததால் வியர்வையைத் துடைக்க முடியாமல் நின்றான்.

"மொதலாளி எங்க? அவுரு காருக்கு நம்ம ரோடு புடிக்காதா?"

"சென்னையில இருக்காரு. சாயங்காலம் வந்துருவாரு."

"வரட்டும். வந்து, மெஷின் கோளாறு, குருமூர்த்தி மேல தப்பில்லன்னு எழுதிக் குடுக்கட்டும். அதுக்கப்புறம்தான் எங்கண்ணன் இந்த வாசலத் தாண்டுவான். பத்து வருசம் அந்த மெஷினோட கெடந்தவன் சார். பிரஷர்ல இருக்கற நட்டத் திருகுவானா? எனக்கே தெரியும் அது கூடாதுன்னு. தூங்கும்போதுகூட அதத்தான் சொல்லிக்கிட்டிருப்பான்."

"நான் சொல்லல கோபி. உங்கண்ணனே சொன்னது."

"பொய்யி."

"சனிக்கிழமை ஆஸ்பத்திரில சொல்லி, அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இந்தா, நீயே பாரு."

"மருந்து ஏத்திப் படுக்க வெச்சவன்கிட்டக் கையெழுத்து வாங்குனியா நீ? உனக்கெல்லாம் கூடப்பொறந்தவங்க இல்லியா?"

ஆட்கள் நடுவில் புகுந்து விலக்குகிற சத்தம் கேட்டது. ரஞ்சிதா ஜன்னல் பக்கம் போனாள். "கோபி," என்றாள். அவள் குரல் உயரவில்லை, ஆனால் அவன் திரும்பினான். "அவர உள்ள விடு. அந்தப் பேப்பர நான் பாக்கணும்."

"அண்ணி, நீங்க இதுல வராதீங்க."

"உள்ள விடு தம்பி."

வெங்கட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மாலையை குருமூர்த்தியின் காலடியில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சாந்தம்மாவைக் கும்பிட்டான். அவள் பார்க்கவில்லை. கோபி வாசற்படியில் நின்றுகொண்டான்.

"ரஞ்சிதாக்கா, இன்னைக்கே ரிப்போர்ட் அனுப்பணும். இல்லன்னா இந்த நேரத்துல இதத் தூக்கிட்டு வருவேனா? புதன்கிழமை ரெண்டாவது ஷிஃப்ட் நீங்கதான். உங்க செக்கிங் ஷீட்டு சரின்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுரும்."

அவள் ஃபைலை வாங்கினாள். மேலே அவளுடைய புதன்கிழமை ஷீட். பதினான்கு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். ஒன்பதாவது வரி: குழாய் இணைப்புகளில் கசிவு. இல்லை என்பதில் அவள் டிக். அதற்கு அடியில் இன்னொரு தாள். யாரோ எழுதி, குருமூர்த்தி கையெழுத்திட்டது. "காலை மெஷினை ஸ்டார்ட் செய்தேன். ஒரு ஃபிட்டிங் லூசாக இருப்பது போலத் தோன்றியது. பிரஷரை இறக்காமல் ஸ்பானரால் டைட் செய்யப் பார்த்தேன். தவறு என்னுடையது. இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை."

கையெழுத்தில் கு மட்டும் தெளிவாக இருந்தது. மற்றதெல்லாம் கோடு.

சனிக்கிழமை. இரண்டாவது முறை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன்பு. அவள் மருந்துச் சீட்டோடு கீழே வரிசையில் நின்றிருந்தாள். மேலே வந்தபோது வெங்கட் படியிறங்கிக்கொண்டிருந்தான். என்ன பேசினார்கள் என்று குருமூர்த்தியிடம் கேட்டாள். "சும்மா, எப்பிடி இருக்கீங்கன்னு கேட்டான்," என்றான்.

"ஸ்பானர் பம்ப் மூடி மேலதான் கெடந்துச்சுக்கா," என்று வெங்கட் தயங்கித் தயங்கிச் சொன்னான். "போட்டோ எடுத்து வெச்சிருக்கோம். அதோட வாய் சரியா அந்த ஃபிட்டிங்கப் பாத்துக்கிட்டு இருக்கு. அதனாலதான் எல்லாரும் நம்பினாங்க."

ரஞ்சிதா குருமூர்த்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். மகள் கவிப்ரியா பிறந்த பிறகு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், ஒரே மெஷினில் அவன் காலை ஷிஃப்டும் அவள் மாலை ஷிஃப்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவன் ஆறிலிருந்து இரண்டு. அவள் இரண்டிலிருந்து பத்து. அவள் வீட்டுக்கு வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். மதியம் இரண்டு மணிக்கு மெஷின் பக்கத்தில் ஒரு கால் மணி நேரம். ஒரு டப்பாவிலிருந்து இருவரும் களியும் கீரையும் தின்றுகொண்டே, வீட்டு வாடகை, பிள்ளையின் இருமல், அவன் அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாவற்றையும் பேசி முடிப்பார்கள். சண்டை போட வேண்டியிருந்தால்கூட இரண்டு மணிக்குத்தான். "இருக்கட்டும், ரெண்டு மணிக்கு வெச்சுக்கறேன் உன்ன," என்று காலையிலேயே போனில் எச்சரிக்கை வரும்.

அந்தக் கால் மணி நேரம் போதாமல்தான் அடையாளங்கள் வந்தன. கையுறையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தால், தண்ணீரோடு கலந்து வெட்டுகிற மணல் தீரப்போகிறது. திரையின் ஓரத்தில் பேனா மூடி செருகியிருந்தால் புரோகிராம் மாறியிருக்கிறது. கையுறைக்குள் ஒரு புளிப்பு மிட்டாய் இருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை, வெறும் மிட்டாய். பம்ப் மூடியின் மேல் ஸ்பானர் இருந்தால், அதன் வாய் எதைப் பார்க்கிறதோ அதைக் கவனி. லாக் புக்கில் எழுத வேண்டியதைக்கூட அவர்கள் இப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். எழுதினால் அதை நாலு பேர் படிப்பார்கள். இது அவர்கள் இரண்டு பேருக்கு.

புதன்கிழமை அனிதா ஒரு கல்யாணத்துக்கென்று லீவு. இரவு எட்டு மணி வாக்கில் அந்த ஃபிட்டிங்கிலிருந்து ஒரு சொட்டு விழுவதை அவள் பார்த்தாள். இணைப்பின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே எங்காவது கசிந்தால் அதன் வழியாகத்தான் சொட்டும். சொட்டினால் மெஷினை நிறுத்தி, பிரஷரை இறக்கி, எழுதி வைத்துவிட வேண்டும் என்பது விதி. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. இன்னும் இரண்டு தகடு பாக்கி. எழுதினால் ஆள் வந்து பார்க்கும்வரை மெஷின் நிற்கும். வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. ஷிஃப்ட் முடிந்ததும் ஒன்பதாவது வரியில் இல்லை என்று டிக் அடித்தாள். ஸ்பானரை எடுத்து மூடியின் மேல் வைத்து, அதன் வாயைத் திருப்பிச் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவன் பிள்ளையின் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டியவன். எழுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில், யாரும் இல்லாத நேரத்தில் அவள் கேட்டாள். "மாமா, ஸ்பானரப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ கடிக்குதுன்னு சொன்னா. ஒரு சைஸ் பெருசு வாங்கு," என்றான்.

வெங்கட் ஃபைலுக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றான். ரஞ்சிதா கொடுக்கவில்லை.

"வெங்கட் சார், அன்னைக்கு மெஷின் பக்கத்துல அட்டை கெடந்துச்சா?"

"அட்டையா?"

"லீக் பாக்கற அட்டை. கைய நீட்டாம, அட்டைய நீட்டித்தானே பாக்கணும்."

வெங்கட் யோசித்தான். "கெடந்துச்சு. நனைஞ்சு போய்க் கெடந்துச்சு. கூட்டித் தள்ளிட்டாங்க."

"நட்டத் திருகறவன் கையில அட்டை எதுக்கு சார்?"

வாசற்படியில் கோபி நிமிர்ந்து நின்றான்.

"அவுரு வந்ததும் ஸ்பானரப் பாத்திருப்பாரு. பிரஷர் இல்லாதப்பவே ஒரு தடவ டைட் பண்ணிப் பாத்திருப்பாரு, அது சரியான மொறதான். அது டைட்டாத்தான் இருந்திருக்கும். அப்புறம் கொறஞ்ச பிரஷர்ல ஓட்டி அட்டைய நீட்டிப் பாத்திருப்பாரு. ஒண்ணும் இருந்திருக்காது. முழு பிரஷர் ஏத்துனதும் மறுபடி அட்டைய நீட்டியிருக்காரு. அந்த அட்டையத் தொளச்சுக்கிட்டுத்தான் கைக்குள்ள போயிருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எடது கையில அட்டைய வெச்சுக்கிட்டு வலது கையால பட்டனப் புடிச்சிருப்பாரு. எப்பவும் அப்பிடித்தான் நிப்பாரு."

"அது சரிதான்க்கா. ஆனா அந்த ஃபிட்டிங்க அவுரு எதுக்கு அவ்வளவு கிட்டப் போயிப் பாக்கணும்? புதன்கிழமை ஷீட்டுல லீக் இல்லன்னுதானே இருக்கு."

அறையில் ரோஜா இதழ்களின் புளித்த வாசனை. சாந்தம்மாவின் விரல்கள் நின்றுவிட்டிருந்தன.

"ஸ்பானர அங்க வெச்சது நான்," என்றாள் ரஞ்சிதா.

வெங்கட் ஃபைலுக்காக நீட்டியிருந்த கையை இறக்கினான்.

"புதன்கெழம எட்டு மணிக்கே சொட்டுச்சு. நான் எழுதல. இல்லன்னு டிக் போட்டுட்டு, அவருக்கு அடையாளத்துக்கு ஸ்பானர வெச்சுட்டு வந்துட்டேன்."

வெங்கட் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, மிகவும் தாழ்ந்த குரலில், "அக்கா, ஒரு நிமிஷம் யோசிங்க," என்றான். "இத நான் எழுதினா உங்க பேருலதான் நிக்கும். வேலை போகும். அதோட முடியுமான்னும் தெரியல. அவுரு உங்கள எதுலயும் இழுக்கல. வேற யாருக்கும் சம்பந்தம் இல்லன்னு அவரா சொன்னாரு, நான் கேக்கவே இல்ல. அப்ப எனக்குப் புரியல. அவுரு சொன்ன மாதிரியே விட்டுரலாம். உங்களுக்குப் புள்ள இருக்கு."

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதும் கெட்ட எண்ணத்தில் இல்லை. ரஞ்சிதா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தவறு என்னுடையது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் நூற்று நான்கில் கொதித்துக்கொண்டிருந்தபோது அவன் படுத்தபடியே யோசித்து இந்தப் பொய்யைச் செய்திருக்கிறான். அவளுக்கும் பிள்ளைக்குமாக. பத்து வருடம் ஒரு நாள்கூடச் செய்யாத தவறைத் தன் பெயரில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். இதை அவள் வாங்கி மடியில் கட்டிக்கொள்ளலாம். கோபி கொஞ்ச நேரம் கத்துவான். பிறகு ஓய்ந்து ஆட்டோவை எடுப்பான். கம்பெனியில் பேசிக்கொள்வார்கள், பாவம், அவசரப்பட்டுட்டான் என்று.

அனிதா இன்னும் குருமூர்த்தியின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறக்கலாம் என்று யாரும் சொல்லாததால் அவள் இறக்கவில்லை. விரல்களில் போன வாரம் யார் கல்யாணத்துக்கோ வைத்த மருதாணி நகங்களில் மட்டும் மிச்சமிருந்தது.

"நாளைக்கி இவ ஸ்டார்ட் பண்ணப் போறாளா?" என்றாள் ரஞ்சிதா.

"ஃபிட்டிங்க டைட் பண்ணியாச்சுக்கா. காரணம் தெரிஞ்சிருச்சு, இனி ஓட்டலாம்னு மொதலாளி..."

"புதன்கெழமையும் அது டைட்டாத்தான் இருந்துச்சு சார். டைட் பண்ணா நிக்காது. உள்ளார குழாயோட முனையில விரிசல் விட்டிருக்கு. இவ அட்டைய நீட்டுவா. நான்தான் அப்பிடிப் பாக்கச் சொல்லிக் குடுத்தேன்."

அனிதா தோளை மெல்ல இறக்கினாள்.

"எழுதுங்க," என்றாள் ரஞ்சிதா.

வெங்கட் தரையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான். சொட்டு விழுந்த நேரம். எத்தனை சொட்டு. எந்த வரியில் என்ன டிக். ஸ்பானர் யாருடையது, ஏன் அங்கே இருந்தது. அது எதற்கு என்று அவன் கேட்டபோது, "எங்களுக்குள்ள ஒரு பழக்கம்," என்றாள். அவன் அதையும் அப்படியே எழுதினான்.

"இன்னொண்ணும் எழுதிக்கங்க. அந்தக் குழாயையும் ஃபிட்டிங்கையும் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு மாட்டணும். மாட்டுன பெறகு மொதல்ல தண்ணிய மட்டும் திறந்து விட்டுக் காத்து போகவைக்கணும். அப்புறம் கொறஞ்ச பிரஷர்ல பத்து நிமிஷம் ஓடட்டும். அதுவரைக்கும் யாரும் தடுப்புக்கு உள்ள நிக்கக் கூடாது. படிப்படியாத்தான் ஏத்தணும். அட்டையக் கையில புடிக்கக் கூடாது. நீளக் கம்பில கட்டித்தான் நீட்டணும். கம்பி ஒடஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, யாரும் வாங்கித் தரல. அதையும் எழுதுங்க. சொட்டு வந்தா நிறுத்திப் பிரஷர எறக்கிட்டுத்தான் பக்கத்துல போகணும். ஒரு சொட்டுன்னாலும்." அவள் அனிதாவைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் ஆகும்னு யாராவது கேட்டா, ஆகும்னு சொல்லு."

அனிதா தலையாட்டினாள். கண்ணைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ரஞ்சிதா கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிழிந்த சட்டைக் கையைக் கட்டின் மேல் இழுத்து, உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்தினாள். வெங்கட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். குருமூர்த்தியின் காலைத் தொட்டான். போய்விட்டான்.

கோபி வாசற்படியிலேயே நின்றிருந்தான்.

"அண்ணி," என்றான். "ஒரு வரி எழுதியிருந்தா..."

சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்தான். அது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவன், நிமிரும்போது அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனான். சிறிது நேரத்தில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. யாரோ மேளக்காரர்களைக் கூப்பிட்டார்கள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். பிள்ளையைத் தூக்கிவந்து காட்டினார்கள். கவிப்ரியா, அப்பாவுக்கு எதற்குக் கையில் அவ்வளவு பெரிய கட்டு என்று கேட்டாள். அடிபட்டிருச்சு கண்ணு என்று யாரோ சொன்னார்கள். வலிக்குமா என்று கேட்டாள். அதற்கு ஒருவரும் பதில் சொல்வதற்குள் மேளம் உரக்க அடித்தது. கோபி முன்னால் தோள் கொடுத்தான். தெருமுனை வரைக்கும் போய்ப் பெண்கள் நின்றுவிட்டார்கள். வண்டி ஆற்றுப் பக்கம் திரும்பி, ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளுக்குப் பின்னால் மறைந்தது. மேளச் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் வந்தது.

ரஞ்சிதாவைக் கூட்டி வந்து மூலையில் உட்கார வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். அது இப்போது ஒவ்வொருத்தியின் கண்ணிலும் இருந்தது. அனிதா பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்தாள். அவளுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

பிணம் போன வீட்டைக் கழுவிவிட வேண்டும். சாந்தம்மா எழுந்தாள். மடியில் சேர்ந்திருந்த இதழ்கள் தரையில் கொட்டின. பின்பக்கம் போய்க் குடத்தில் தண்ணீரும் கையில் தென்னந்துடைப்பமுமாக வந்தாள். "குடு அத்தை, நான் பெருக்கறேன்," என்று ஒருத்தி கை நீட்டினாள். சாந்தம்மா கொடுக்கவில்லை. "நீ வயசானவ, உக்காரு," என்று இன்னொருத்தி வந்தாள். அவளுக்கும் கொடுக்கவில்லை.

நேராக மூலைக்கு வந்து ரஞ்சிதாவின் முன்னால் நின்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள் அன்று எந்த வேலையும் தொடக்கூடாது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சாந்தம்மாவுக்கும் தெரியும். அவள் துடைப்பத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு பிடியை அவள் பக்கம் நீட்டினாள்.

"எந்திரி," என்றாள். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அதில் கோபம் இருந்ததா என்று ரஞ்சிதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து வாங்கிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். சாந்தம்மா அவன் தலை இருந்த இடத்தில் முதல் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் இதழ்களைத் தூக்கிக்கொண்டு பரவியது. ரஞ்சிதா குனிந்து அதை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். படி தாண்டி அது தெருவில் இறங்கியது. மறுபடி உள்ளே வந்தாள்.

சாந்தம்மா இரண்டாவது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாய்க்காமல், அவள் வந்து சேரும்வரை நின்றாள்.